சவப்பெட்டிப் பெரியப்பாவும் சாகாத ஊரும்

அந்த மூன்று பிள்ளைகளைப் பொறுத்தவரை அதிர்ஷ்டம் என்பது பக்கத்துத் தெருவில் யாருக்கோ கிடைக்கிற சாமான். அவர்கள் வீட்டுக் கதவை அது தட்டியதே இல்லை. தப்பித்தவறி ஒரு நாள் தட்டியிருந்தாலும், கதவு கழன்று அதன் தலையிலேயே விழுந்திருக்கும்.

முதலில் அப்பாவும் அம்மாவும். புதுப்பாலம் ஒன்றின் திறப்பு விழாவுக்குப் போனார்கள். "யானைக் கூட்டமே வந்தாலும் தாங்கும்!" என்று பொறியாளர் மார்தட்டினார். யானை எதுவும் வரவில்லை. கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலையே பாலம் தாங்கவில்லை.

அதைப் பற்றிப் பிள்ளைகள் அதிகம் பேசுவதில்லை. பேசினால் கடைக்குட்டி அழுவான். கடைக்குட்டி அழுதால் மற்ற இருவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு, கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்பார்கள்.

மூத்தவள் அக்கா. அவளுக்கு வேறொரு பெயரும் உண்டு. கூப்பிட ஆளில்லாமல் அது துருப்பிடித்துக் கிடந்தது. எதற்கும் அவளிடம் ஒரு திட்டம் இருக்கும். அந்தத் திட்டம் கவிழ்ந்தால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு திட்டம் இருக்கும்.

நடுப்பிள்ளை ஆனா. யார் எதைச் சொன்னாலும் "ஆனா..." என்று ஆரம்பிப்பான், பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. கடைக்குட்டி பசை. யார் பக்கத்தில் நின்றாலும் அப்படியே ஒட்டிக்கொள்வான். பாலம் விழுந்த நாளிலிருந்து அவனுக்குச் சத்தம் என்றால் ஆகாது. எறும்பு தும்மினால்கூடத் தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

உறவுக்காரர்கள் வரிசையாக அவர்களை ஏற்றுக்கொண்டார்கள், வரிசையாக நொந்துபோனார்கள். அத்தை வீட்டுக்குப் போன வாரமே அத்தை வீட்டுக் கூரையைக் காற்று தூக்கிக்கொண்டு போனது. அது அடுத்த ஊரில், கூரையில்லாத ஒரு வீட்டின் மேல் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. அந்த வீட்டுக்காரர் திருப்பித் தரமாட்டேன் என்றுவிட்டார். மாமாவுக்குக் கண்ணாடிக் கடை. அங்கே ஓர் ஆடு நுழைந்தது, கண்ணாடியில் இன்னோர் ஆட்டைப் பார்த்தது, முட்டியது. சித்தி தேனீ வளர்த்தாள். பிள்ளைகள் வந்து இறங்கிய அன்று மதியமே தேனீக்கள் எல்லாம் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டன.

கடைசியாக மிச்சமிருந்தவர் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். சவப்பெட்டி செய்பவர்.

பிள்ளைகளை அழைத்துவந்தது குடையம்மா. பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்கு வீடு தேடித் தரும் அரசாங்க அதிகாரி. இந்த மூவரோடு பயணம் செய்ய ஆரம்பித்ததிலிருந்து வீட்டுக்குள்ளும் குடையை விரித்தே வைத்திருப்பார். மேலேயிருந்து எது எப்போது விழும் என்று யார் கண்டார்கள்?

"இதுதான் கடைசி வீடு" என்றார் குடையம்மா, குடைக்கு அடியிலிருந்து. "இதுவும் சரிப்பட்டு வரலைன்னா மூணு பேருக்கும் மூணு ஊர். பெரியவ மலை மேல இருக்கிற விடுதிக்கு. நடுவன் துறைமுகத்துப் பள்ளிக்கூடத்துக்கு. சின்னவனை வளர்க்க ஒரு தம்பதி தயாரா இருக்காங்க."

பசை சட்டென்று ஆனாவின் இடுப்பில் ஒட்டிக்கொண்டான்.

பெரியப்பா பட்டறைக்குள்ளிருந்து வந்தார். இழைத்துவைத்த பலகை மாதிரி நெட்டையாக, தட்டையாக இருந்தார். தலைமயிர், புருவம், காதுமடல் எங்கும் மரத்தூள்.

"இந்தப் பிள்ளைங்களுக்கு ராசி கிடையாது. போற இடமெல்லாம் கஷ்டம் கூடவே வரும். முன்னாடியே சொல்லிடறேன்" என்றார் குடையம்மா.

பெரியப்பாவின் முகம் மலர்ந்தது. "கஷ்டமா? தாராளமா வரட்டும்! நாலு பேருக்குக் கஷ்டம் வந்தாத்தானே என் பட்டறையில உளி ஓடும். உள்ள வாங்க கண்ணுங்களா, சாப்பிட்டீங்களா?"

அதுவரை எந்த உறவுக்காரரும் அவர்களைப் பார்த்ததும் சிரித்ததில்லை. ஆனாவுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. பதிலுக்குத் தும்மினான்.

பட்டறை நல்ல இடம். இழைப்புளியிலிருந்து சுருள் சுருளாக மரச்சீவல் விழும். பசை அதைத் தலையில் மாட்டிக்கொண்டு ஆட்டுக்குட்டி ஆவான். அக்கா பெட்டியின் உட்புறத்துக்கும் மூடிக்கும் பஞ்சு அடைத்து மெத்தை தைத்தாள். ஆனா பித்தளைக் கைப்பிடிகளைத் தன் மூக்கு தெரியும்வரை தேய்த்தான்.

பெரியப்பாவிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. யாராவது ஒருவர் உள்ளே படுத்துப் பார்க்காமல் எந்தப் பெட்டியும் பட்டறையை விட்டு வெளியே போகக்கூடாது.

"நாற்காலி செய்யறவனுக்குக் கவலையில்லை" என்பார். "குத்துச்சுன்னா வாங்கினவன் வந்து சண்டை போடுவான். என்கிட்ட வாங்கினவங்க யாரும் திரும்பி வந்து, 'ஏம்ப்பா, தோள்பட்டை இடிக்குது'ன்னு சொன்னதில்லை. அவங்களுக்கும் சேர்த்து நாமதான் சொல்லணும்."

அவருக்கு முதுகுவலி. அதனால் படுத்துப் பார்க்கும் வேலை பிள்ளைகளிடம் வந்தது. பெரிய பெட்டி அக்காவுக்கு, நடுத்தரம் ஆனாவுக்கு. பசை எதில் வேண்டுமானாலும் படுப்பான்.

"எப்படி இருக்கு?" என்று கேட்பார் பெரியப்பா.

"கால்கிட்ட ஒரு ஆணி எட்டிப் பாக்குது" என்பாள் அக்கா.

"சபாஷ்!" என்று சுத்தியலோடு பாய்வார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு எல்லாம் நன்றாகப் போனால் உடனே சந்தேகப்பட வேண்டும்.

அவர்கள் வந்த நாளிலிருந்து ஊரில் ஒருவர்கூடச் சாகவில்லை.

முதல் மாதம் பெரியப்பா அதைக் கவனிக்கவில்லை. இரண்டாம் மாதம் வாசலுக்கு வந்து தெருவை எட்டிப் பார்த்தார். மூன்றாம் மாதம் தெருமுனைவரை நடந்து பார்த்தார். எல்லோரும் கன்னம் சிவக்கச் சிவக்க வணக்கம் சொன்னார்கள். வருடக்கணக்கில் படுக்கையில் கிடந்து, 'நாளைக்குப் போயிடுவேன்' என்று தினமும் சொல்லிவந்த மேலத்தெருப் பெரியவர் ஒரு நாள் எழுந்து உட்கார்ந்து, ஊறுகாய் கேட்டார். மறுநாள் பந்தாட வந்தார். ரொட்டிக்கடைக்காரர் மாடிப்படியில் உருண்டு விழுந்தார். கீழே வந்து சேரும்போது அவருடைய பழைய கழுத்துவலி சரியாகிப் போயிருந்தது. டாக்டருக்கு வேலையில்லை. இதயத் துடிப்பைக் கேட்கும் குழாயைக் கழற்றி ரோஜாச் செடிக்குத் தண்ணீர் பாய்ச்சினார். குழி வெட்டுபவர், வெட்டி வைத்த குழிகளில் பூசணி போட்டார். பூசணியும் சாகாமல் கொழுத்தது.

இங்கே பட்டறையிலோ பெட்டிகள் பெருகின. பெட்டி மேல் சாப்பிட்டார்கள். பெட்டிக்குள் துணி மடித்து வைத்தார்கள். சமையலறைக்குப் போகவேண்டுமானால் மூன்று பெட்டிகளைத் தாண்டி, ஒன்றுக்கு அடியில் தவழ வேண்டும். வெளியில் கடன் சொல்லி வாங்கிய அரிசியும் தீர்ந்துகொண்டே வந்தது. பெரியப்பா இன்னும் தட்டையானார்.

"எங்களாலதானே பெரியப்பா?" என்று கேட்டான் ஆனா.

"சேச்சே! யாரும் சாகலைன்னா அது நல்ல விஷயம்டா" என்றார் பெரியப்பா. பிறகு கொஞ்சம் யோசித்து, "ரொம்ப நல்ல விஷயம்" என்றார். பிறகு பெருமூச்சு விட்டு, "தாங்க முடியாத அளவுக்கு நல்ல விஷயம்" என்றார்.

அந்த வாரம் குடையம்மா பார்வையிட வந்தார். பெட்டிகளுக்கு நடுவில் அவருடைய குடை சிக்கிக்கொண்டது. வெறும் அரிசிப் பானையைப் பார்த்தார். தூசி படிந்த உளிகளைப் பார்த்தார்.

"நீங்க நல்ல மனுஷர்தான்" என்றார் பெரியப்பாவிடம். "ஆனா வேலை ஓடாத பட்டறையில மூணு பிள்ளைங்களை எப்படி விட்டுட்டுப் போறது? வெள்ளிக்கிழமை மறுபடி வருவேன். அதுக்குள்ள ஒரு வேலையாவது வந்திருக்கணும். இல்லைன்னா கூட்டிக்கிட்டுப் போயிடுவேன்."

அவர் போனதும் அக்கா கூட்டம் கூட்டினாள். கூட்டம் என்பது ஒரு பெரிய பெட்டிக்குள் மூவரும் உட்காருவது.

"நமக்கு ஒரே ஒருத்தர் செத்தாப் போதும்" என்றாள் அக்கா.

"யாராவது கெட்டவங்களாப் பார்த்து நாமளே..." என்று பசை ஆரம்பித்தான்.

"ஆனா, அதுக்குப் பேரு கொலை" என்றான் ஆனா.

"சின்னதா?"

"அதுல சின்னது கிடையாது."

"சும்மா இருங்கடா" என்றாள் அக்கா. "நாம யாரையும் ஒண்ணும் செய்யப் போறதில்லை. நீங்க ரெண்டு பேரும் ஊருக்குள்ள போய், யாருக்காவது உடம்பு சரியில்லையான்னு மரியாதையா விசாரிச்சுட்டு வாங்க. அவ்வளவுதான். விசாரிக்கிறது நல்ல பழக்கம்தானே?"

விசாரித்தார்கள். ஊரே கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. கடைசியாகக் கடிகாரக் கடைக்குப் போனார்கள்.

கடைக்குள் நுழைந்ததும் பசை காதைப் பொத்திக்கொண்டு ஆனாவின் முதுகில் ஒட்டிக்கொண்டான். சுவர் தெரியாத அளவுக்குக் கடிகாரங்கள். டிக், டக், டொக், டுக் என்று ஒன்று பேசுவதற்குள் இன்னொன்று குறுக்கே பேசியது. நடுவில், தக்காளிப்பழம் மாதிரிச் சிவந்த கண்களோடு கடிகாரக்காரர் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று ஆனா கேட்டான். கேட்கும்போதே அவன் குரலில் லேசாக ஆசை எட்டிப் பார்த்தது. அவனுக்கே வெட்கமாக இருந்தது.

"உடம்புக்கு என்ன கேடு? தூக்கம்தான் இல்லை. வருஷக்கணக்கா இல்லை. கடையும் இதுதான், வீடும் இதுதான். கண்ணை மூடினா ஒண்ணு அடிக்கும். அது முடிஞ்சா அடுத்தது அடிக்கும். மூணாவது, ரெண்டு பேரும் தப்புன்னு அடிக்கும்."

ஆனா அவரைப் பார்த்தான். பாவமாக இருந்தது. வந்த வேலை மறந்துபோயிற்று.

"ஆனா, ஒரு நாளைக்கு எல்லாத்தையும் நிறுத்தி வெச்சுட்டா என்ன மாமா?"

கடிகாரக்காரர், சூரியனை நிறுத்தச் சொன்னதுபோல அவனை முறைத்தார். "நிறுத்தறதா? டேய், நான் ஓட வைக்கிறவன்டா!"

"ஓட வைக்கிறவருக்குத்தானே நிறுத்தவும் தெரியும்?"

அவர் ஒரு கடிகாரத்தைக் கையிலெடுத்து அதை யோசனையோடு பார்த்தார். பையன்கள் இருவரும் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. பெரியப்பா பிள்ளைகளின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். ஒரே சட்டையைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார். அப்போது வாசலில் அழுகைச் சத்தம் கேட்டது.

கடிகாரக்காரரின் தங்கை நின்றிருந்தார். "எங்கண்ணன் போயிட்டாருங்க! நேத்து மதியம் படுத்தவரு. எவ்வளவு உலுக்கியும் அசையலை. டாக்டர் வந்து குழாய் வெச்சுப் பார்த்துட்டு, ஒரு சத்தமும் இல்லைன்னு உதட்டைப் பிதுக்கிட்டாரு!"

பெரியப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல மனிதர், உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆனால் அவருடைய வாய் அவர் பேச்சைக் கேட்கவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டார். அந்த அம்மாவோ அவர் விம்முவதாக நினைத்து, "உங்களுக்குத்தான் எவ்வளவு இளகின மனசு!" என்று மேலும் அழுதார்.

அடுத்த நிமிடம் பட்டறை அமளிதுமளிப்பட்டது. இருப்பதிலேயே அழகான பெட்டியைப் பெரியப்பா தேர்ந்தெடுத்தார். "யாராவது படுத்துப் பாருங்க, சீக்கிரம்!" என்று கத்தினார். சுத்தியலைத் தேடினார், அது அவர் கையிலேயே இருந்தது. புது மெருகு ஒட்டிக்கொள்ளாதபடி விளிம்பில் மெல்லிய துண்டு மரங்களை அடுக்கி, அவற்றின் மேல் மூடியை வைத்து, கயிறு கட்டி, கைவண்டியில் ஏற்றி, அந்த அம்மாவோடு தள்ளிக்கொண்டு ஓடிவிட்டார்.

அக்கா ஆனாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு குதித்தாள். "வேலை வந்துருச்சுடா! நாம எங்கேயும் போக வேண்டாம்!"

ஆனா குதிக்கவில்லை.

"ஆனா, அக்கா..."

"இன்னிக்கு மட்டும் அந்த வார்த்தையைச் சொல்லாதடா."

"அவர் செத்திருக்க மாட்டார்னு தோணுது. நான்தான் கடிகாரத்தை எல்லாம் நிறுத்தச் சொன்னேன். தூங்கியே பல வருஷம் ஆச்சுன்னார். எல்லாத் தூக்கத்தையும் ஒரேயடியாத் தூங்கறார்னு நினைக்கிறேன்."

"டாக்டரே பார்த்தாராமே!"

"அவர் அந்தக் குழாயிலதானே செடிக்குத் தண்ணி விட்டார்? நேத்து அதுக்குள்ளேர்ந்து ஒரு நத்தை எட்டிப் பார்த்துச்சு. நானே பார்த்தேன்."

அக்கா குதிப்பதை நிறுத்தினாள். பிறகு மெல்லிய குரலில் சொன்னாள். "நீ சொல்றது சரின்னா, சாயங்காலம் நாம மூணு பேரும் மூணு வண்டியில இருப்போம். தெரியுதா?"

"தெரியுது. ஆனா நாம சும்மா இருந்துட்டா, சாயங்காலம் அவர் மண்ணுக்கு அடியில இருப்பார்."

அக்கா அவனைப் பார்த்தாள். எந்தத் திட்டமும் வரவில்லை. செருப்பை மட்டும் தேடி மாட்டிக்கொண்டாள். "சரி, ஓடு. பசை! டேய் பசை, வா!"

பதில் இல்லை.

பெட்டிகளுக்கு மேலே பார்த்தார்கள், கீழே பார்த்தார்கள். மரச்சீவல் குவியலைக் கலைத்துப் பார்த்தார்கள். பெரியப்பா 'யாராவது படுத்துப் பாருங்க' என்று கத்தியது இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்தது. இருவருடைய முகமும் ஒரே நேரத்தில் வெளுத்தது.

அந்த ஊரில் அதற்கு முன் யாரும் அப்படி ஓடியதில்லை. ரொட்டிக்கடை நாய் துரத்தியது. பாதி வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டது. ஓடுகிற ஓட்டத்தில் காய்கறிக் கூடை ஒன்று கவிழ்ந்தது. பந்தாடிக்கொண்டிருந்த மேலத்தெருப் பெரியவர் அவர்களோடு கொஞ்ச தூரம் சும்மா ஜோடியாக ஓடிவந்தார்.

கடிகாரக் கடையில் ஊரே திரண்டிருந்தது. ஒருத்தர் செத்தே மாதக்கணக்கான ஊர். யாருக்கும் எப்படித் துக்கம் விசாரிப்பது என்று மறந்துபோயிருந்தது. சிலர் வாழ்த்துகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடிகாரக்காரர் கட்டிலில் நீட்டிப் படுத்திருந்தார். பக்கத்தில் பெட்டி இருந்தது. பெரியப்பா கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

அத்தனை கடிகாரங்களும் ஊமையாக இருந்தன.

"நிறுத்துங்க! அவர் சாகலை!" என்று ஆனா கத்தினான்.

"யாரு பெத்த பிள்ளையோ, அதிர்ச்சி தாங்கலை பாவம்" என்று யாரோ அவன் தலையைத் தடவினார்கள்.

"மாமா! எழுந்திரிங்க மாமா!" என்று உலுக்கினான். அவர் அசையவில்லை. மூக்கருகே விரலை வைத்தான். காற்று வருகிறதா இல்லையா என்று தெரியவில்லை. கூட்டத்தைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். சட்டென்று நாற்காலியில் ஏறினான்.

"அக்கா, அந்தப் பக்கம் நீ!"

அக்காவுக்கு உடனே புரிந்துவிட்டது. அவர்களுக்குள் பாதிப் பேச்சு போதும். ஒவ்வொரு கடிகாரமாகச் சாவி கொடுத்து, ஊசலைத் தட்டிவிட்டு, முள்ளைப் பன்னிரண்டுக்குத் திருப்பிக்கொண்டே ஓடினார்கள்.

முதல் கடிகாரம் டங் என்றது. இரண்டாவது டிங் என்றது. பிறகு எல்லாம் சேர்ந்துகொண்டன. மரக்குயில்கள் கதவைத் திறந்துகொண்டு கூவின. சின்னமணி, பெரியமணி, அலாரம், எல்லாம் ஒன்றாக அலறின. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. டாக்டரின் குழாயிலிருந்து அந்த நத்தையே வெளியே வந்து என்ன விஷயம் என்று பார்த்தது.

கடிகாரக்காரர் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

"எவன்டா அவன்!" என்று இடிபோல முழங்கினார். "வருஷக்கணக்குல ஒரே ஒரு நாள் தூங்கினேனேடா!"

கூட்டம் கதவு வழியாகப் போனது, ஜன்னல் வழியாகப் போனது. சுவர் வழியாகப் போக முயன்று நெற்றி வீங்கியவர்களும் உண்டு. தங்கை மட்டும் அண்ணன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அழுகையில் எங்கே நிறுத்தினாரோ அங்கிருந்து சந்தோஷமாகத் தொடர்ந்தார்.

பெரியப்பா கையில் கயிற்றோடு நின்றார். நிம்மதி அவர் முகத்தில் வந்தது. பின்னாலேயே துயரமும் வந்தது. "நல்ல வேளை கண்ணு" என்று ஆனாவின் தோளைத் தொட்டார். "அந்தப் பாவம் நமக்கு வேண்டாம். மத்தது... பார்த்துக்கலாம்."

"பெரியப்பா, பெட்டியைத் திறங்க! பசை உள்ள இருக்கான்!"

மூடியைத் தூக்கினார்கள். மணிகள் இன்னும் அலறிக்கொண்டிருந்தன. அந்த மெத்தைக்குள், வாயை லேசாகத் திறந்து, கன்னத்துக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு பசை தூங்கிக்கொண்டிருந்தான்.

எறும்பு தும்மினால் எழுந்துகொள்கிற பசை! மூடியைத் திறந்ததும் அந்தச் சத்தம் காதில் விழுந்துதான் திடுக்கிட்டு எழுந்தான். அக்கா மேல் தாவி ஒட்டிக்கொண்டான்.

"நீ இவ்வளவு நேரமும் தூங்கினியா?" என்றான் ஆனா. "இந்தச் சத்தத்திலயா?"

"எந்தச் சத்தம்? மூடியிருந்தப்ப ஒண்ணுமே கேக்கலையே" என்றான் பசை.

கடிகாரக்காரர் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தார். பசையைப் பார்த்தார். மெத்தையைப் பார்த்தார். எழுந்துவந்து பெட்டிக்குள் படுத்தார்.

"மூடுங்க" என்றார்.

மூடினார்கள். கொஞ்ச நேரம் கழித்து மூடியைக் கொஞ்சமாகத் தூக்கி, ஒரு கண்ணை மட்டும் காட்டினார். அந்தக் கண்ணில் நீர் தளும்பியது. "சொர்க்கம்" என்றார். "இதை நான் திருப்பித் தரமாட்டேன்."

"அதெப்படி! இது செத்தவங்களுக்குச் செஞ்சது!" என்றார் பெரியப்பா. அவருக்கு மானம் போயிற்று. "என் பெட்டியை வாங்கினவங்க இதுவரைக்கும் ஒருத்தர்கூட எழுந்து வந்ததில்லை!"

"ஆனா பெரியப்பா, தூங்கி எழுந்தவங்கதானே நல்லாயிருக்குன்னு உங்ககிட்ட வந்து சொல்லுவாங்க?" என்றான் ஆனா. "இத்தனை வருஷத்துல யாராவது சொல்லியிருக்காங்களா? காத்துக்கு ரெண்டு ஓட்டை போட்டுட்டா இது கட்டில். மூடி போட்ட கட்டில்."

பெரியப்பா பெட்டியை ஒரு தடவை சுற்றி வந்தார். அதை அவர் யோசித்ததேயில்லை.

ஜன்னலுக்கு வெளியே, ஓடிப்போன கூட்டம் மெல்ல மெல்லத் திரும்பி வந்திருந்தது. டாக்டர்தான் முதலில் தொண்டையைக் கனைத்தார். "எங்க வீட்டம்மா விடற குறட்டை... ஒண்ணு எனக்கும் சொல்லி வெச்சிருங்க." "நான் குறட்டை விடறேனா?" என்று பக்கத்திலிருந்த அம்மா கேட்டார். "அப்ப எனக்கும் ஒண்ணு. இவரோட புலம்பலைக் கேட்க முடியலை." ரொட்டிக்கடைக்காரர் பகலில் தூங்கவேண்டியவர், கை தூக்கினார். வீட்டில் கைக்குழந்தை வைத்திருந்த ஒரு தாய் இரண்டு கைகளையும் தூக்கினாள்.

அந்தக் கைகளுக்கெல்லாம் நடுவில் ஒரு குடை நுழைந்தது.

"பட்டறையில ஆளைக் காணோம்னு தேடிக்கிட்டு வர்றேன்" என்றார் குடையம்மா. "வண்டி தெருமுனையில நிக்குது. என்ன நடக்குது இங்க?"

எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். குடையம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "செத்தவர் எழுந்தார், பெட்டி கட்டில் ஆச்சு... பைத்தியக்காரத்தனமா இருக்கே! நான் பார்க்காம எதையும் நம்ப மாட்டேன். நகருங்க."

கடிகாரக்காரர் அரைமனதாக எழுந்து இடம் விட்டார். குடையம்மா குடையை மடக்கி ஆனாவிடம் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, மிகுந்த கண்டிப்போடு பெட்டிக்குள் படுத்தார். "மூடியைக் கொஞ்சம் சாத்துங்க. ரெண்டு நிமிஷம். சோதனைக்காக."

இரண்டு நிமிடம் ஆயிற்று. இருபது நிமிடம் ஆயிற்று. தெருமுனையில் வண்டிக்காரர் மணியடித்து அடித்து ஓய்ந்தார். மூன்று பிள்ளைகளும் பெட்டியருகே ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். யாருக்கும் மூச்சு விட மனம் வரவில்லை.

கடைசியில் மூடி உயர்ந்தது. தலைமுடி கலைந்து, முகம் பத்து வயது குறைந்து, குடையம்மா வெளியே வந்தார். எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரு என்னை எழுப்பினது?"

"யாரும் எழுப்பலை, நீங்களா எழுந்தீங்க" என்றாள் அக்கா.

"அப்ப ஏன் எழுந்தேன்?" என்று தன்னையே கடிந்துகொண்டார். பிறகு பெரியப்பாவைப் பார்த்து, "உங்களுக்கு நிறைய வேலை இருக்கும் போலிருக்கே" என்றார். "பிள்ளைங்க இல்லாம நீங்க ஒருத்தரா எப்படிச் சமாளிப்பீங்க? அவங்க இங்கேயே இருக்கட்டும். அப்புறம்... எனக்கும் ஒண்ணு. குட்டை ஆளுக்கு அளவா."

அக்கா தரையிலேயே உட்கார்ந்து, ஒரு திட்டமும் இல்லாமல், சத்தமாக அழுதாள். பசை அவளுடைய முதுகில் ஒட்டிக்கொண்டான். ஆனா யாரிடமும் கண்ணில் தூசி என்று சொல்லவில்லை; அவனும் சேர்ந்துகொண்டான்.

அதற்குப் பிறகு பட்டறையில் மூச்சு விட நேரமில்லை. நடுவில் மேலத்தெருப் பெரியவர் ஒரு நாள் பந்தாடி முடித்து, ஊறுகாயோடு சாப்பிட்டு, படுத்து, நிஜமாகவே போய்ச் சேர்ந்தார். ஊர் அழுதது, பிள்ளைகளை யாரும் குறை சொல்லவில்லை. காற்றோட்டை இல்லாத ஒரு பழைய பெட்டியைப் பெரியப்பா தானே சுமந்துகொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

வந்த கையோடு முன்னறையில் ஒரு பெரிய பெட்டி செய்ய ஆரம்பித்தார். பெட்டி என்றால் பெட்டி, மூன்று பேர் தாராளமாக உருளலாம். யாருக்கு என்று கேட்டால், ஆணி எடுத்து வரச் சொன்னார். ஒரு மாலை, மெருகு காய்ந்ததும் அளவுநாடாவை எடுத்தார். பெட்டியை அளந்தார். கதவை அளந்தார். தலையைச் சொறிந்தார்.

"அடடா. இது கதவு வழியா வெளியே போகாது போலிருக்கே."

"பெரியப்பா! இத்தனை வருஷமா பெட்டி செய்யறீங்க, கதவை அளக்க மறந்துட்டீங்களா?" என்றாள் அக்கா.

"வயசாயிடுச்சும்மா" என்றார் பெரியப்பா. பளபளத்துக்கொண்டிருந்த ஒரே இடத்தை, முகத்தைக் காட்டாமல், மறுபடி மறுபடி துடைத்தார். "இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. இங்கிருந்து யாராலயும் இதை எடுத்துக்கிட்டுப் போக முடியாது. என்ன செய்யறது, இங்கேயேதான் இருக்கணும்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு உள்ளே ஏறிப் படுத்தார்கள்.